வயிறு யாருடையது?

நான் போட்ட கையெழுத்துகளிலேயே மிக அழகானதை என் மனைவியின் பித்தப்பைக்காகப் போட்டேன். தொழிற்சாலையில் எனக்கு வரைபடப் பிரிவில் வேலை. ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் என் கையெழுத்து இருக்கும். சரிபார்த்தேனா என்பது வேறு விஷயம். அந்தப் பழக்க தோஷத்தில், அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் தாளை ஆஸ்பத்திரி வராந்தாவில் நீட்டியதும், படிக்காமலே முதல் எழுத்தைச் சுழித்து, கடைசி எழுத்துக்கு ஒரு வாலும் வைத்துக் கொடுத்துவிட்டேன். என் வயிற்றில் யாரும் கத்தி வைக்கப்போவதில்லை என்ற தெம்பு அந்த வாலில் நன்றாகத் தெரிந்தது.

தாளை வாங்கிப் பார்த்த சிஸ்டர், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்:

"ஆப்பரேஷன் உங்களுக்கா சார்?"

இப்படிக் கேட்கக்கூடிய ஒரு மனுஷியை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். அவருடைய கணவரே கடைவீதியில் நின்று, "சிஸ்டர் இந்தப் பக்கமா போனாங்களா?" என்று விசாரித்திருக்கிறார். அதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ராபர்ட்சன்பேட்டையில் அப்போது இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் அவர்தான் மூத்த நர்ஸ். நல்ல உயரம். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. இடது தோளுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கும் கடிகாரம். அவர் வராந்தாவில் நடந்து வந்தால், படுத்திருப்பவர்கள் நிமிர்வார்கள். உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் எழுந்து நிற்பார்கள். பீடியோடு நிற்பவர்கள் மறைந்துபோவார்கள். இவ்வளவு தோரணை உள்ளவர், நோயாளியின் பக்கத்தில் போனதும் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார். "நாடி பாக்கணும். கையப் புடிக்கட்டுமா?" நோயாளி சரி என்று சொன்ன பிறகுதான் பிடிப்பார். நினைவில்லாமல் கிடப்பவரிடமும், "தாத்தா, இப்ப வலது பக்கமா திருப்பறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். எங்கள் ஊரில் தமிழ் மட்டும் போதாது என்பதால், வலி இருக்கிறதா என்பதை 'நோவு இதெயா' என்று கன்னடத்திலும், 'நொப்பி உந்தா' என்று தெலுங்கிலும் கேட்பார். மூன்று மொழியிலும் பதில் வராவிட்டால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முகத்தைப் பார்ப்பார். முகத்துக்கு மொழி ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றதா என்றால், இல்லை. சந்தையில் கத்திரிக்காய்க் கூடை முன்னால் நின்று, "அமுக்கிப் பாக்கட்டுமாம்மா?" என்பார். கடைக்காரி ஒருநாள் பொறுமை இழந்து, "என்னையே இன்னாத்துக்கு கேக்குற சிஸ்டரு? கத்திரிக்காய கேளு. அதுக்குத்தான நோவும்?" என்றாள். சிஸ்டர் சிரித்தபடி அமுக்காமலே வாங்கிக்கொண்டு போனார். பாதி சொத்தை என்று கேள்வி.

எங்கள் காலனியில் ஒரு கல்யாணம். பரிசுப் பொட்டலத்தைக் கொடுக்க மேடை ஏறியவர், மணப்பெண்ணின் காதருகே குனிந்து, "உனக்குச் சம்மதந்தானம்மா?" என்று கேட்டுவிட்டார். தாலி கட்டி முடித்து அரை மணி ஆகியிருந்தது. பெண் குலுங்கிச் சிரித்துத் தலையாட்டினாள். பக்கத்திலிருந்த மாமியாருக்கு மட்டும் கொஞ்ச நேரம் முகத்தில் ரத்தம் இல்லை. அந்த அம்மாள் அதன் பிறகு சிஸ்டர் வருகிற தெருவில் வருவதில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தன் வேலை எது, அடுத்தவர் வேலை எது என்று மனத்துக்குள் ஒரு கோடு கிழித்து வைத்திருப்பார். கோட்டைத் தாண்டவும் மாட்டார், தாண்டி யாரையும் வரவிடவும் மாட்டார். எங்கள் காலனியில் காய்ச்சல் என்றால் ஊசி. ஊசி இல்லாமல் இறங்குவது காய்ச்சலே அல்ல. பின் தெருவிலேயே ஒரு நர்ஸ் குடியிருக்கும்போது யாராவது டாக்டரிடம் போவார்களா? மருந்துக்கடையில் ஊசியையும் மருந்தையும் தாங்களே வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். "டாக்டர் சீட்டு?" என்பார் சிஸ்டர்.

"அக்கம்பக்கத்துல இருக்கோம், ஒரு ஊசி போடக்கூடாதா சிஸ்டர்?"

"எழுத்து இல்லாம நான் போட்டா அது வைத்தியம் இல்லம்மா, குத்து. போலீஸ்ல அதுக்கு வேற பேரு."

"அண்டை வீட்டுக்கு ஒதவாத நர்ஸு இன்னா நர்ஸு" என்று முணுமுணுத்தபடி அவர்கள் கடைவீதிக் கம்பவுண்டரிடம் போவார்கள். கம்பவுண்டர் கேள்வி கேட்க மாட்டார். ஒன்று கேட்டால் இரண்டாகப் போடுவார்.

நான் படித்தவன் அல்லவா, வெறுங்கையோடு போகவில்லை. முதுகு பிடித்துக்கொண்டபோது, பீரோவில் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். சிஸ்டர் தேதியைப் பார்த்தார்.

"இது போன வருசத்து முதுகு சார். இந்த முதுக யாரு பாத்தாங்க?"

நான் இந்த முதுகைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அவர் படித்தது வேலூரில். நர்ஸாகப் பதிவு செய்துகொண்டதும் தமிழ்நாட்டில். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்ததும் நர்சிங் ஹோம் டாக்டர் கையோடு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். பெங்களூர் போய் இந்த மாநிலத்துப் பதிவை வாங்காமல் வார்டில் கால் வைக்க மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாராம். எங்கள் ஊரில் பாதிப் பேர் மாநில எல்லையை ஒரு வதந்தியாகத்தான் கருதுகிறோம். எங்கள் ஊரின் கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பத்தில் ரயிலை விட்டு இறங்குகிறவன் காதில் முதலில் விழுவது தமிழ்தான். டாக்டருக்கும் அதே எண்ணம்போல. "ஊசிக்கு எல்லை தெரியுமா சிஸ்டர்?" என்று கெஞ்சியிருக்கிறார்.

"ஊசிக்குத் தெரியாது டாக்டர். எனக்குத் தெரியும்."

பதிவு வரும்வரை டாக்டர் காத்திருந்தார். பின்னாளில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னவரும் அவர்தான்.

அந்த டாக்டர் வீட்டிலிருந்து போனில் மருந்து சொல்வதை ஒருநாள் பார்த்தேன். என் மைத்துனன் தோளில் கட்டியோடு அங்கே படுத்திருந்தான். அவன் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கிறவன். போன் வந்ததும் சிஸ்டர் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு, ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். கேட்டதை எழுதினார். எழுதியதைத் திருப்பிப் படித்தார். மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். மறுமுனையில் டாக்டர் கத்துவது கட்டில்வரை கேட்டது. "நான் சொன்னது எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னது உங்களுக்குத் தெரியும் டாக்டர். நான் கேட்டது உங்களுக்குத் தெரியணுமில்ல?"

மறுநாள் டாக்டர் வந்து நாற்காலியில் உட்காருவதற்குள், கையெழுத்து வாங்க சிஸ்டர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"இந்தம்மாவுக்குக் கொஞ்சம் அதிகம்தான்" என்றேன் மைத்துனனிடம். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"இன்னா மாமா இப்டி சொல்லிட்டீங்க! நாங்க கீழ லெவல்லருந்து பெல் அடிப்போம். மேல எஞ்சின் டிரைவர் அதே பெல்ல திருப்பி அடிப்பான். அப்பறந்தான் கேஜு நகுரும். 'எனக்குத்தான் தெரியுமே'ன்னு அவன் இழுத்தான்னு வச்சுக்குங்க, ஒரு கால் உள்ள ஒரு கால் வெளிய வச்சவன் கதி இன்னா?"

கட்டி ஆறும்வரை அவன் சிஸ்டரைக் கடவுளாக வைத்திருந்தான். எனக்கு அவர் அப்போதும் கொஞ்சம் அதிகம்தான். காரணம் உண்டு. என் மேலதிகாரி ஒருமுறை அங்கே ரகசியமாக வந்து படுத்திருந்தார். என்ன வியாதி என்று தெரிந்தால் எங்கள் பிரிவுக்கு ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். சிஸ்டரிடம் நைசாக, "அவருக்கு என்ன சிஸ்டர்?" என்றேன்.

"அவருக்குச் சாயங்காலம் பார்வையாளர் நேரம் சார். போய் அவரையே கேளுங்க."

இப்படிப்பட்டவரிடம்தான் என் மனைவியை அழைத்துப் போனேன்.

பித்தப்பையில் கல். பெங்களூரிலிருந்து வாரம் ஒருமுறை வரும் சர்ஜன் எடுத்துவிடலாம் என்றார். எல்லா ஏற்பாடும் நானே செய்தேன். டாக்டரிடம் பேசினேன், தேதி குறித்தேன், லீவு போட்டேன், உறவுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன். எங்கே வலிக்கிறது என்று சர்ஜன் கேட்டபோதுகூட நான்தான் என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மாரிகுப்பத்தில் பிறந்தவள், சுரங்கத்தொழிலாளியின் மகள். வீட்டில் அவள் பேசினால் நான் வாயைத் திறக்க முடியாது. ஆஸ்பத்திரி, பேங்க், பள்ளிக்கூடம் என்று வந்துவிட்டால் நான் பேசுவேன், அவள் திறக்க மாட்டாள். எங்களுக்குள் அப்படி ஒரு பங்கீடு.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் என்னிடம், ராத்திரிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்து அவளிடம், "சாப்பிடக் கூடாதாம்" என்றேன். வரைபடப் பிரிவில் இதைச் சுருக்கம் என்போம்.

ஆடி மாதம். காலையில் அவள் தம்பியோடு மாரிகுப்பம் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாசலில் சிஸ்டர் எதிர்ப்பட்டார். வார்டில் அன்று கூட்டம். நடந்துகொண்டே கேட்டார்: "ராத்திரிக்கு அப்பறம் ஏதாவது சாப்ட்டாங்களா?"

என் மனைவி வாயைத் திறந்தாள். "பச்சைத் தண்ணிகூட இல்லை" என்று நான் முந்திக்கொண்டேன். சிஸ்டர் எழுதிக்கொண்டு போனார்.

பிறகுதான் அந்தத் தாள், அந்த வால், அந்தக் கேள்வி.

"எனக்கில்லை சிஸ்டர், அவளுக்கு. நான் வீட்டுக்காரன்."

"வீட்டு விசயம்னா நீங்க போடுங்க சார். வயிறு யாருது?"

"எல்லா இடத்திலும் புருஷன்தானே போடுகிறார்?"

"போடுவாங்க. எல்லா எடத்துலயும் நானா நிக்கறேன்?" தாளின் அடியைக் காட்டினார். "இங்க சாட்சின்னு நான் போடணும். எதுக்குச் சாட்சி? அம்மாவுக்குப் புரிஞ்சுது, அம்மா கையால போட்டாங்கன்னு. நடக்காததுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது."

தியேட்டருக்குள் சர்ஜன் தயாராக நின்றுகொண்டிருந்தார். சிஸ்டர் கதவைப் பாதி திறந்து, "டாக்டர், அம்மாவுக்கு நீங்க ஒருக்கா வெளக்கிச் சொல்லணும்" என்றார்.

"நீங்களே சொல்லிடுங்க சிஸ்டர், டைம் ஆகுது."

"வெளக்கறது உங்க வேலை டாக்டர். கேட்டுக்கிட்டாங்களான்னு பாக்கறதுதான் என் வேலை."

சர்ஜன் பெருமூச்சு விட்டுவிட்டு வந்தார். நல்ல மனிதர். கட்டிலில் உட்கார்ந்து, கல் எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது என்றெல்லாம் சொன்னார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளுக்காகத் தலையாட்டினேன்.

"சார், நீங்க கொஞ்சம் அந்த ஜன்னல் பக்கம் போய் நில்லுங்க" என்றார் சிஸ்டர். நின்றேன். தூரத்தில் சுரங்கக் கழிவு மண்மலை வெயிலில் சாம்பலாகத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் என் மனைவியின் குரல் கேட்டது. ஆஸ்பத்திரியில் அந்தக் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"மயக்கம் குடுத்தா எழுந்துப்பனா டாக்டரு?"

"எழுந்துப்பீங்க."

"தழும்பு எம்மாம் பெருசா இருக்கும்?"

சர்ஜன் விரலால் காட்டியிருக்க வேண்டும்.

"தண்ணிக் கொடம் எப்ப தூக்கலாம்?"

"கொஞ்ச நாளைக்கு வீட்டுக்காரர் தூக்கட்டும்." இதற்குச் சிரித்தார்கள். நான் மண்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ராத்திரியெல்லாம் பயந்தான் சிஸ்டர். காலைல போய் அம்மனுக்கு ஊத்தற கூழு வாங்கிக் குடிச்சேன் பாருங்க, ரெண்டு சொம்பு, அதோட போச்சு. அது பாத்துக்கும்."

நான் திரும்பினேன்.

"கூழு குடிச்சீங்களா?" என்றார் சிஸ்டர், மெதுவாக.

"பிரசாதம் சிஸ்டர். சாப்பாடுதான் கூடாதுன்னாரு இவரு."

வாசலில் நின்ற மைத்துனன் அக்காவுக்குப் பரிந்து வந்தான். "தொட்டுக்கக்கூட ஒண்ணும் எடுத்துக்கல சிஸ்டர். வெறுங்கூழு. நாந்தான் கருவாடு கடிச்சிக்கினேன்."

சர்ஜன் எழுந்து கையுறையைக் கழற்றினார். வயிற்றில் ஆகாரம் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலே ஏறி மூச்சுக்குழாயில் இறங்கலாம், அப்புறம் யார் என்ன செய்தும் பிரயோஜனமில்லாமல் போகலாம் என்று, என்னிடம் அல்ல, அவளிடம் சொன்னார். அவள் காலையில் சொம்பைப் பிடித்திருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இனி சிஸ்டர் என்னைக் கிழிக்கப்போகிறார் என்று தயாரானேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தப்பு என்னுது டாக்டர். காலைல அம்மாவைக் கேக்கல. பக்கத்துல நின்னவரைக் கேட்டு எழுதிட்டேன்."

காலையில் எழுதிய வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். கீழே, நோயாளியே சொன்னபடி கூழ் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். கோட்டுக்கு அடியில் பழைய பொய் பளிச்சென்று படிக்கும்படி இருந்தது. எங்கள் பிரிவில் தவறு செய்தால் பிளேடால் சுரண்டி, இருந்த சுவடே தெரியாமல் செய்வோம். அந்தக் கலையில் எனக்கு நல்ல பெயர். "அழிச்சிடலாமே சிஸ்டர்" என்று வாய் வரை வந்தது. நல்ல வேளை, அன்றைக்கு என் வாய்க்கு விடுமுறை கொடுத்திருந்தேன்.

"அப்ப அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்றார் சர்ஜன்.

"அம்மா, உங்களுக்குத் தோதா?" என்றார் சிஸ்டர்.

என் மனைவி யோசித்தாள். கேட்கப்பட்டவர்களுக்கே உரிய நிதானம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. "அடுத்த வாரம் எங்க தெருவுல கூழு ஊத்தறாங்க. அதுக்கடுத்து நாத்தனாரு ஊட்டுப் பக்கம். ஆடி போவட்டும் சிஸ்டர்."

தள்ளிப்போட்டால் ஆபத்து உண்டா என்று சிஸ்டர் சர்ஜனைக் கேட்டு, அவர் பெரிதாக இல்லை என்றதும், எண்ணெய்ப் பலகாரம் கூடாது, வலி வந்தால் அம்மனாவது கூழாவது என்று பார்க்காமல் உடனே வந்துவிட வேண்டும் என்று அவளையே திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். மைத்துனன் என் காதில், "பெல்லு திருப்பி அடிச்சாச்சு மாமா" என்றான்.

ஆவணியில் ஆப்பரேஷன் நடந்தது. தாளை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டு, தமிழில், ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் தாராளமாக இடம்விட்டு, என் மனைவி கையெழுத்துப் போட்டாள். கீழே சிஸ்டர் சாட்சி. எனக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. எடுத்த கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். மைத்துனன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தொழில்முறையில் நெடுநேரம் ஆராய்ந்து, "ஒண்ணுலயும் தங்கம் இல்ல மாமா" என்று அறிவித்தான்.

சுரங்கத்தை மூடிய வருஷம், பெங்களூர் போகும் காலை ரயிலில் சிஸ்டரை மறுபடி பார்த்தேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்த ரயிலுக்குள்தான் இருந்தார்கள். மைத்துனனும் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சிஸ்டருக்குப் பெங்களூரில் ஏதோ பெரிய ஆஸ்பத்திரி. பெட்டியில் நெரிசல். "கொஞ்சம் நகந்து உக்காரலாமா?" என்று கேட்டுத்தான் உட்கார்ந்தார்.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "படிப்புல சட்டம்னு ஒரு பாடம் உண்டு சார். மத்தியானத்துல வைப்பாங்க. எல்லாரும் தூங்குவோம்" என்றார்.

"பின்னே?"

"ஒருநாள் எனக்கே அப்பெண்டிக்ஸ் ஆப்பரேஷன் பண்ணாங்க. எல்லாரும் என் தலைக்கு மேலயே பேசினாங்க. அப்பறம் அந்த வகுப்புல தூங்கல."

அவ்வளவுதான் சொன்னார். தைரியம் வந்து, "உங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதட்டுமா?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"எழுதுங்க சார். என் பேரு வேணாம், ஆஸ்பத்திரி பேரும் வேணாம். ஆனா கேட்டீங்க பாருங்க, பரவால்ல."

பரவாயில்லை என்று அவர் வாயால் வாங்கியவர்கள் எங்கள் ஊரில் அதிகம் இல்லை. அந்தச் சந்தோஷத்திலேயே பல வருஷம் எழுதாமல் கழித்துவிட்டு, போன வாரம்தான் உட்கார்ந்து எழுதி முடித்தேன். என் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கப் படித்துக் காட்டினேன். கருவாட்டுக்குச் சிரித்தாள். தங்கத்துக்குச் சிரித்தாள். சிஸ்டரிடம் முறையாக அனுமதி வாங்கிய இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி, அழுத்தி வாசித்தேன்.

அவள் காயை நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "இன்னாங்க, அந்தம்மாவக் கேட்டீங்க, சரி. வயிறு என்னுது. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"